டேங்க் காலி... முள் மட்டும் 'ஃபுல்'! பழைய அமெரிக்க கார் டேஷ்போர்டின் அதிசயங்கள் தெரியுமா?

பெட்ரோல் டேங்கையே டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்திருந்த கார் எது தெரியுமா? 1928 மாடலாக வந்த ஃபோர்டு மாடல் ஏ! முன்கண்ணாடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் டேங்க். பெட்ரோல் தானாக வழிந்து கார்பரேட்டருக்கு இறங்கும்; பம்பே கிடையாது. டேஷ்போர்டில் தெரியும் மீட்டருக்கு ஒயர் எங்கே என்று தேடாதீர்கள். ஒயரே இல்லை! அது டேங்குக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல். உள்ளே ஒரு தக்கை மிதக்கும். அது எழுந்து தாழ, கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் போட்ட உருளை திரும்பும். அந்த மீட்டரின் கேஸ்கட் கசிந்தால்? பெட்ரோல் நேராக காருக்குள்ளேயே சொட்டும்! இந்தக் காரைப் புதுப்பிக்கிறவர்கள் அந்தக் கேஸ்கட்டை மறக்காமல் கவனிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய மாடல் டி-யில் பெட்ரோல் மீட்டர் எங்கே இருந்தது? எங்கேயும் இல்லை! பெரும்பாலான வண்டிகளில் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். டிரைவர் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். இப்படி ஓடிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல, 1 கோடியே 50 லட்சம்!

மாடல் டி-யின் மின்சாரம் எங்கிருந்து வந்தது? என்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தில் பொருத்திய 16 காந்தங்களிலிருந்து! 1915-லிருந்து ஹெட்லைட்டும் அதிலேயே எரிந்தது. வண்டி மெதுவாகப் போனால் விளக்கு மங்கும். என்ஜினை முறுக்கினால் பளிச்! ரொம்ப முறுக்கினால் பல்ப் காலி! இருட்டில் நிதானமாகப் போக நினைத்தவருக்கு வெளிச்சம் கிடையாது. என்ன நியாயம் இது?

சிவப்புத் திரவம் ஏறி இறங்கும் பெட்ரோல் மீட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்தான், உடம்புக்குப் பதில் டேங்கைப் பார்க்கிறது! 1930-களின் பல அமெரிக்க கார்களில் இது உண்டு. டேங்கிலிருந்து டேஷ்போர்டு வரை ஒரு மெல்லிய காற்றுக்குழாய் ஓடும். டேங்கில் உள்ள பெட்ரோலின் கனம் அந்தக் காற்றை அழுத்த, காற்று சிவப்புத் திரவத்தைத் தள்ளும். மின்சாரம் ஒரு துளிகூட வேண்டாம்! ஆனால் அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு கனம், அதோடு நச்சு. சிவப்பு மை கலந்த தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், மீட்டர் சொல்வதெல்லாம் பொய்!

இப்போது தலைப்புக்கு வருவோம். டேங்க் காலியாக இருக்கும்போது முள் 'ஃபுல்' காட்டுமா? காட்டும்! ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1960-களின் நடுவிலிருந்து டேங்க் மிதவையின் மின்தடை காலிக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 90 ஓம். ஃபோர்டில் அப்படியே தலைகீழ்: காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10! ஒரு கம்பெனி மிதவையை இன்னொரு கம்பெனி மீட்டருக்கு மாட்டினால், பெட்ரோல் போடப் போட முள் இறங்கும்!

இன்னும் இருக்கிறது. டேங்க் ஒயர் அறுந்துவிட்டால் ஜெனரல் மோட்டார்ஸ் முள் ஃபுல்லையும் தாண்டிப் போய் நிற்கும். ஃபோர்டு முள் காலியில் படுத்துக்கொள்ளும். ஒரே கோளாறு, இரண்டு எதிரெதிர் பதில்! எது ஆபத்து என்று கேட்டால், முதலாவதுதான். நடுரோட்டில் நிற்கும்வரை அது உங்களைச் சிரித்தபடியே அழைத்துப் போகும்!

12 வோல்ட் காரில் 5 வோல்ட்டில் ஓடும் மீட்டர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? ஃபோர்டும் கிரைஸ்லரும் அப்படித்தான் செய்தன. அந்த மீட்டர்களுக்குள் இருப்பது காந்தம் அல்ல, சூடு! இரட்டை உலோகப் பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பி சூடானால் பட்டை வளையும், முள் நகரும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக எழுகிறது! 12 வோல்ட்டை 5 ஆக்குவது எது? சில்லு கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. நொடிக்கு நொடி டக் டக்கென்று மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் ஒரு சின்னத் தகர டப்பா! சராசரியாகப் பார்த்தால் 5 வோல்ட். அந்த டப்பாவுக்கு எர்த் கிடைக்காவிட்டால் முழு 12 வோல்ட்டும் பாயும், மீட்டர்கள் கருகும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் உச்சிக்கு ஓடுகின்றனவா? இரண்டு மீட்டரையும் கழற்றாதீர்கள், குற்றவாளி அந்த டப்பாதான்!

35 டிகிரிகூட வேண்டாம், அதற்குள் கொதித்துவிடும் திரவம் எது? ஈதர்! 34.6 டிகிரியில் ஆவியாகிவிடும். நம் ஊர் கத்திரி வெயிலே போதும். பல பழைய கார்களின் வெப்ப மீட்டருக்குள் இருப்பது இதுதான். என்ஜின் பக்கம் ஒரு செப்புக் குமிழ், அங்கிருந்து டேஷ்போர்டு வரை மயிரிழைத் துளை கொண்ட குழாய். என்ஜின் சூடேற, ஈதர் ஆவி அழுத்த, மீட்டருக்குள் வளைந்திருக்கும் தட்டைக்குழாய் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். அந்த வளைகுழாய்க்குப் பிரான்ஸ் நாட்டு யூஜீன் பூர்டோன் காப்புரிமை வாங்கியது எப்போது தெரியுமா? 1849! கார் என்ற ஒன்றே பிறக்கவில்லை!

குழாய் உடைந்தால் ஈதர் பறந்துவிடும், மீட்டர் செத்துவிடும். பிறகு என்ன வழி? மெக்கானிக்குகள் கண்டுபிடித்த தந்திரத்தைக் கேளுங்கள்! கடையில் மலிவாக ஒரு புது மீட்டர் வாங்குவார்கள். அதன் குமிழை உப்புப் போட்ட ஐஸில் புதைப்பார்கள். குளிரில் ஈதர் அத்தனையும் குமிழுக்குள் திரவமாக ஒடுங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியில் குழாயை வெட்டி, பழைய மீட்டரோடு சேர்த்து ஈயம் பற்றவைத்துவிடுவார்கள். பழைய முகம், புது உயிர்! ஒன்று மட்டும்: ஈதர் ஆவி பட்டென்று தீப்பிடிக்கும். கைதேர்ந்தவர் இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்!

ஸ்பீடோமீட்டர் முள்ளை எது திருப்புகிறது? கேபிள் என்கிறீர்களா? கேபிள் முள்ளைத் தொடுவதே இல்லை! கேபிள் சுழற்றுவது ஒரு காந்தத்தை. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாத உலோகம். ஆனாலும் சுழலும் காந்தம் அதற்குள் மின்சுழலை உண்டாக்கிக் கூடவே இழுக்கும்! ஒரு மயிரிழை ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற தந்திரம் இது. அமெரிக்க கார்களில் பெரும்பாலும் மைலுக்கு 1,000 சுற்று. அதாவது 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 1,000 சுற்று! வயதானால் காந்தத்தின் பலம் குறையும், முள் வேகத்தைக் குறைத்துக் காட்டும். என்ன செய்வார்கள்? காந்தத்துக்குக் காந்தம் ஏற்றுவார்கள்! அதற்கென்றே இயந்திரம் இருக்கிறது.

அதே மீட்டரில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களை மாற்றினால் சட்டம் பிடிக்கும், தெரியுமா? அமெரிக்காவில் 1972-லிருந்து! ரிப்பேருக்குப் பிறகும் பழைய எண்ணே இருக்க வேண்டும். முடியாவிட்டால்? பூஜ்யமாக்கி, பழைய எண்ணை எழுதி, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்!

காருக்குள் வரும் மின்சாரம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரு மீட்டரின் முதுகு வழியாகப் போனால்? பழைய கிரைஸ்லர் கார்களில் ஆம்மீட்டர் அப்படித்தான்! அரை நூற்றாண்டு துரு ஏறிய இணைப்பு சூடாகி, பிளாஸ்டிக் உருகி, டேஷ்போர்டுக்குள் புகை! இந்தக் கார்களைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் ஆம்மீட்டர் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே வோல்ட்மீட்டரைப் பொருத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதுதான் புத்திசாலித்தனம். பழைய ஃபோர்டுகள் செய்ததோ இதைவிட வேடிக்கை. பல மாடல்களில் ஆம்மீட்டருக்கு ஒயர் இணைப்பே கிடையாது! மீட்டரின் முதுகில் ஒரு வளையம். ஒயர் அதன் வழியாக நுழைந்து போகும், அவ்வளவுதான். ஒயரைச் சுற்றி எழும் காந்தப்புலமே முள்ளை அசைத்துவிடும்!

ஒரு காலத்தில் அமெரிக்க கார்களில் 6 வோல்ட் பேட்டரிதான், தெரியுமா? காடிலாக் 1953-இல் 12-க்கு மாறியது, செவர்லே 1955-இல், ஃபோர்டு 1956-இல். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு ஆம்பியர் இரண்டு மடங்கு! ஆகவே 6 வோல்ட் காருக்கு விரல்தடிமன் பேட்டரி கேபிள் வேண்டும். இன்றைய கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிளை மாட்டிவிட்டு, 'செல்ஃப் எடுக்கவில்லை, மோட்டார் போச்சு' என்று புலம்புகிறவர்கள் எத்தனை பேர்!

செல்ஃப் என்றதும் ஒன்று. சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தது. கிளப்பும்போது 24 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 6 வோல்ட். ஒரே மோட்டாரே டைனமோவாகவும் மாறிக்கொண்டது! அதற்கு முன் அவர் எதற்கு மோட்டார் செய்தார் தெரியுமா? கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு!

டைனமோவுக்கு எது பிளஸ், எது மைனஸ் என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்! ரிப்பேர் செய்து மாட்டியதும், பேட்டரி மின்சாரத்தை ஒரே ஒரு கணம் அதற்குள் விட்டு எடுக்க வேண்டும். அப்போது உள்ளே தங்கும் சொற்பக் காந்தம்தான் திசையை நினைவில் வைத்துக்கொள்ளும். மறந்தால் மின்சாரம் தலைகீழாகப் பிறக்கும், ரெகுலேட்டர் பாயின்ட் கருகும்! 1960-இல் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்து இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டத் தொடங்கியது.

டேஷ்போர்டே சர்வீஸ் நினைவூட்டியது தெரியுமா? இன்றைக்கல்ல, 1928-இல்! டூசன்பெர்க் மாடல் ஜே-யில் 700 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லி விளக்கு எரியும். 1,400 மைலுக்கு ஒருமுறை பேட்டரித் தண்ணீரைப் பார்க்கச் சொல்லி இன்னொன்று! கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும் மீட்டரும் உண்டு. காரா, விமானமா?

1936 கார்டு 810-இல் ஹெட்லைட்டைத் திறக்க டேஷ்போர்டின் இரு முனையிலும் கைப்பிடி! சுற்றச் சுற்ற விளக்கு மட்கார்டிலிருந்து எழும்பும். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களில் விளக்கை ஒளித்துவைத்த முதல் கார் இது!

1960 கிரைஸ்லர் டேஷ்போர்டில் மீட்டருக்கு வெளிச்சம் தரும் பல்பே இல்லை! எண்கள், முள், எல்லாமே தானாக ஒளிரும். எப்படி? ஒளிரும் பூச்சுக்கு நடுவே சுமார் 200 வோல்ட் மாறுமின்சாரம்! 12 வோல்ட் கார்தானே என்று தைரியமாகக் கை விடுகிறவருக்கு ஷாக் காத்திருக்கிறது!

1956-இல் அதே கம்பெனி டேஷ்போர்டுக்கு அடியில் இசைத்தட்டுப் பெட்டி வைத்தது! நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அந்தப் பெட்டிக்கென்றே தனித் தட்டு. வேறு தட்டு அதில் பாடாது!

ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர் கார் வேகத்தைக் கட்டிப்போட்ட கதை தெரியுமா? ரால்ஃப் டீட்டர்! வேகத்தை ஒரே சீராக நிறுத்தும் அவருடைய கண்டுபிடிப்பு 1958 இம்பீரியல் டேஷ்போர்டில் ஒரு திருகுகுமிழாக வந்து உட்கார்ந்தது!

இரும்புக்கூரையையே மடித்து டிக்கிக்குள் போட்டுக்கொள்ளும் 1957 ஃபோர்டு ஸ்கைலைனரில் அந்தக் கூரைக்கு மட்டும் சுமார் 600 அடி ஒயர்! 10 ரிலே! புதுப்பிக்கிறவர் பொறுமைசாலியாக இருக்கட்டும்!

டேஷ்போர்டுக் கடிகாரம் ஏன் எப்போதும் நின்றே கிடக்கிறது? சுவாரசியமான கேள்வி! அது முழு மின்கடிகாரம் அல்ல, ஸ்பிரிங் கடிகாரம்தான். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை பாயின்ட் ஒட்டும், மின்காந்தம் 'டக்' என்று ஸ்பிரிங்கைச் சுற்றிவிடும். பேட்டரி இறங்கிப்போனால் உதைக்கச் சக்தி இல்லாமல் பாயின்ட் ஒட்டியபடியே நிற்கும், காயில் கருகும். பல நேரம் பாயின்டைத் தேய்த்து, ஒரு சொட்டுக் கடிகார எண்ணெய் விட்டாலே மறுபடி ஓடும்! நேரம் பின்தங்கியதென்று முள்ளை முன்னால் தள்ளி வைத்தால், தன் வேகத்தைத் தானே கொஞ்சம் கூட்டிக்கொள்ளும் கடிகாரங்களும் இருந்தன. அறுபது ஆண்டுக்கு முன்பே, சில்லு இல்லாமல்!

புத்தம்புது பெயின்ட் அடித்ததும் விளக்குகள் எரியாமல் போகும், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காரின் உடம்புதான் எர்த் ஒயர்! பளபளக்கும் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடும். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள், வெளிச்சம் வந்துவிடும்!

பழைய கார் ஒயர்களுக்குச் சட்டை என்ன தெரியுமா? பருத்தி நூல்! உள்ளே ரப்பர், மேலே நூல் பின்னல், அதன்மேல் அரக்குப் பூச்சு. இன்றும் அதே நிறக்கோடுகளோடு நூல் பின்னிய ஒயரிங் செட் விற்கிறார்கள். உள்ளே மட்டும் நவீன பிளாஸ்டிக்!

கடைசியாக ஒன்று. டேஷ்போர்டுக்கு அடியில் கை விடுமுன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். எது எர்த்? மைனஸ்தானே என்கிறீர்களா? மாடல் ஏ முதல் 1955 வரையிலான ஃபோர்டு கார்களில் உடம்போடு இணைந்திருப்பது பிளஸ்! பார்த்துக் கழற்றுங்கள்!