திருச்சிக்கு ஒரு மணி நேரமா?



மடுல்சீமைப் பக்கத்து லயங்களில் 'ஊரில்' சொந்தபந்தம் இல்லாத வீடு குறைவு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார்கள். 1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனது. அதற்குப் பிறகு கல்யாணமோ கருமாதியோ, பெரும்பாலும் பிளேன்தான்.

2025இல் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் தொடங்கியதும் பலர் எம்மிடம் கேட்டார்கள்: "பலாலிக்கும் திருச்சிக்கும் கிட்டத்தானே, அதுல போனா சுருக்கா போயிரலாமா?"

கிட்டத்தான். வானத்தில் நேராக அளந்தால் 185 கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்காவிலிருந்து என்றால் 400க்கும் மேல். ஆனாலும் இரண்டு டிக்கட்டிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் போட்டிருக்கும். பலாலியில் ஏற்றுவது காற்றாடி சுழலும் சிறிய ஏ.டி.ஆர். விமானம், மணிக்கு 500 கிலோமீற்றர் போகும். கட்டுநாயக்காவில் ஏறுவது ஜெட். அது 800 போகும். அதோடு, டிக்கட்டில் உள்ளது பறக்கிற நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வது, ஓடுபாதையில் முறைக்காகக் காத்திருப்பது, இறங்கிய பிறகு உருண்டுபோய் நிற்பது எல்லாம் அதில் சேரும். தூரம் குறைந்தாலும் இந்த நேரம் குறையாது. பசறைக்குப் போனாலும் பதுளைக்குப் போனாலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது ஒன்றுதானே!

நம் கணக்கு லயத்து வாசலில் தொடங்க வேண்டும். பதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ரோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கு 350க்கும் மேல், பலாலி அதற்கும் அப்பால். ஆகவே நமக்குக் கட்டுநாயக்காதான் வசதி. வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய நம் சனங்களுக்குப் பலாலி நல்லது.

எமக்குத் தெரிந்த ஓர் அம்மா, அண்ணன் செத்த சேதி கேட்டு, மறுநாள் பின்னேர பிளேனுக்கு டிக்கட் போட்டார். "ஒரு மணி நேரப் பயணந்தானே" என்று அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில்தான் கிளம்பினார். பெரகலைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிளேன் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. கவுண்டரை மூடிவிட்டார்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அண்ணன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் முதல் நாளே கிளம்பிக் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்குங்கள். விசா கையில் வந்த பிறகே டிக்கட் போடுங்கள். விமான நேரம் அடிக்கடி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கூட்டைத் திருப்ப வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தி ஓடியது. 2006 ஏப்ரலில் இருந்து இரண்டும் ஒன்றுதான். டிக்கட்டில் உள்ளபடியே பார்த்துக்கொள்ளலாம்.