மழைக்காட்டில் கேமரா: ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வால்பாறைக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் மழையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த ரெயின் கவர் நல்லது, குடை மட்டும் போதுமா என்று. மழை எனக்குப் பெரிய கவலை கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரைத் துடைத்துவிடலாம். தெரியாமல் உள்ளே போகிற ஆவிதான் தொல்லை.

புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தியைப் படம் எடுக்க விடிகாலையில் இரண்டு மணி நேரம் நின்றால், கேமரா 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அப்படியே அறைக்குள் வருகிறோம். உள்ளே 24 டிகிரி, கொடியில் ஈரத்துணி, குளியலறையிலிருந்து வெந்நீர் ஆவி. ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 21 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருள் மேலும் அந்தக் காற்று தண்ணீராகப் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்க்கிறதே, அதே சங்கதி. லென்ஸின் உள்கண்ணாடியிலும் இப்படிப் படியலாம். அதைத் துடைக்க முடியாது.

அதனால் வாசலிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுவேன். தண்ணீர் கவரின் வெளிப்பக்கம் படியும். ஒரு மணி நேரமாவது திறக்கக் கூடாது. படம் பார்க்கும் ஆசையில் கை பரபரக்கும், ஆகவே மெமரி கார்டை முன்னாடியே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஏசி அறையில் தங்கிச் சமவெளிக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இது தலைகீழ்: காலையில் வெளியே கிளம்பும்போது மூட வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று, சில நாட்கள் அவகாசம். கேமரா பை அதற்கென்றே தைத்த மாதிரி இருக்கும். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் ஓடும். அது சுரக்கிற அமிலம் கண்ணாடி மேலுள்ள பூச்சை அரித்துவிட்டால், கழற்றிச் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. பழைய லென்ஸ் வாங்கும்போது நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதைத்தான்.

இதற்கு எல்லாரும் சொல்வது சிலிக்கா ஜெல். சரிதான், ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 20 லிட்டர் டப்பாவில் உள்ள காற்றில் அரை கிராம்கூட இருக்காது. 40 சதவீத ஈரப்பதத்தில் ஜெல் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். 100 கிராம் போட்டால் 20 கிராம். அப்படிப் பார்த்தால் டப்பாவை எத்தனையோ தடவை திறந்து மூடலாம்.

பிறகு ஏன் இரண்டே நாளில் ஜெல் நிறம் மாறுகிறது? ஈரமான தோள்பட்டை, துடைத்த துணி, பஞ்சு வைத்த பை, இதையெல்லாம் கேமராவோடு சேர்த்து உள்ளே வைக்கிறோம். 30 கிராம் பருத்தித் துணி நனைந்தால் தன் எடை அளவு தண்ணீரைச் சுலபமாகப் பிடிக்கும். அந்த ஒரு துணியே மொத்த ஜெல்லையும் தின்றுவிடும். எனவே பட்டையைக் கழற்றித் தனியாகத் தொங்கவிடுங்கள். பையும் வெளியே இருக்கட்டும். டப்பாவுக்குள் கேமராவும் லென்ஸும் மட்டும். ரப்பர் வளையம் வைத்த சமையலறை டப்பாவே போதும்.

நீளுகிற ஜூம் லென்ஸைத் திருப்பும்போது அது துருத்தி மாதிரி வெளிக்காற்றை இழுக்கும். மூடுபனியில் தேவையில்லாமல் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம்.

உப்பு ஜாடியில் அரிசி போடுகிற வழக்கத்தை நம்பி, ஜெல்லுக்குப் பதில் அரிசி வைக்கிறவர்களும் உண்டு. அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

ஆரஞ்சு ஜெல் கரும்பச்சையானதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில், சிறு தீயில் மறுபடி ஆரஞ்சு வரும்வரை வறுத்து, ஆறியதும் உடனே மூடி வையுங்கள். நீல நிற ஜெல் வேண்டாம். அதில் நிறத்துக்குச் சேர்ப்பது கோபால்ட் குளோரைடு, நச்சுப்பொருள்.