குளிர்ந்த எஞ்சினும் ஜெற்றின் துளையும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டபொழுது, இலக்கியமும் சமயமும் கல்லூரி நினைவுகளும் எழுத வல்லார் பலர் உளராதலின், நாம் எமக்குத் தெரிந்த வேறொரு துறையை எடுத்துக்கொண்டோம். இக்கல்லூரியிலே நாம் கற்ற பௌதிகம் கடற்கரையில் ஓர் எஞ்சினின் முன்னே எங்ஙனம் தோற்றது என்பதையும், தோல்விக்குப் பின்னர் எங்ஙனம் பயன்பட்டது என்பதையும் சொல்லுதலே எமது கருத்து.

ஆலையடிவேம்பைச் சூழ்ந்த நாட்டிலே ஈரடிப்பு எஞ்சினின் ஓசை கேளாத திக்கு இல்லை. பனங்காடு, கோளாவிற் பக்கத்து வயல்களில் முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் கருவியும், வரம்பிற் புல் வெட்டும் கருவியும், கரையோரம் வள்ளங்களின் பின்னே மாட்டும் வெளியிணைப்பு இயந்திரமும் பெரும்பாலும் இவ்வினத்தனவே. இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பார் 1889 ஆம் ஆண்டளவில் அமைத்த முறையே இன்றும் இவற்றின் அடிப்படை. முசலம் மேலே செல்லும்பொழுது அதன் அடியிலுள்ள அறை வளியையும் எரிபொருளையும் உள்ளிழுக்கும்; கீழே வரும்பொழுது அக்கலவை உருளைக்குள் தள்ளப்படும். அடியறை இவ்வாறு எரிபொருள் செல்லும் வழியாகிவிடுவதால், நாலடிப்பு எஞ்சினிற் போல அதில் எண்ணெயைத் தேக்கி வைத்தல் இயலாது. ஆதலின் மசகெண்ணெய் எரிபொருளுடனேயே கலந்து செல்கின்றது. இந்த ஒன்றை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். நாம் அதனை மறந்தமையாலேயே ஒரு முசலம் அழிந்தது.

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. பெற்றோல் 450 ரூபா. அதுவும் பங்கீட்டளவுக்கே கிடைத்தது. அந்நாட்களிலே, கடற்றொழில் செய்யும் எமது மைத்துனர் ஒருவர் எம்மிடம் வந்து, “அத்தான், நீங்க படிச்ச ஆள்தானே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களன்” என்றார். விடியற்காலையில் இருபது, முப்பது முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் இயங்குவதில்லை. இயங்கினாலோ எண்ணெய் மிகுதியாகக் குடிக்கின்றது என்பன அவருடைய இரு முறைப்பாடுகள். நாம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கரி படிந்து, ஈரமாய், மையெனக் கறுத்திருந்தது. எரிபொருள் மிகுதி என்பதே அதன் பொருள் என்று நூலிற் படித்திருந்தோம். பெரிய ஜெற்றை இரண்டு அளவு சிறிதாக்கினால் இரண்டு குறையும் நீங்கும் என்று தீர்ப்புச் சொன்னோம். அவரும் அவ்வாறே செய்தார். நான்காம் நாள், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மாலையில் வேறொரு வள்ளத்தார் கண்டு கட்டியிழுத்து வந்திராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ, நாம் அறியோம். அன்று அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந் தண்டனையாயிற்று.

எமது பிழை யாது? காபரேற்றருக்குள் வளி செல்லும் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கின்றது. அவ்விடத்தில் வளியின் வேகம் கூடுவதால் அமுக்கம் குறைகின்றது. அக்குறைவே மிதவைக் கிண்ணத்திலுள்ள எரிபொருளை ஜெற்றின் வழியே மேலே வருவிக்கின்றது. ஆனால் ஜெற் ஒன்றன்று. மெதுவாக ஓடும்பொழுது எரிபொருள் தருவது சிறிய ஜெற்; வாயில் ஏறத்தாழ முழுவதும் திறந்து ஓடும்பொழுது தருவது பெரிய ஜெற். மோட்டார் சைக்கிள்களில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேகத்தை ஓர் ஊசி ஆள்கின்றது. கயிற்றை இழுக்கும் வேளையில் வாயில் ஏறக்குறைய மூடியிருக்கும். சோக்கும் சிறிய ஜெற்றின் வழியுமே அப்பொழுது தொழில் செய்கின்றன. பெரிய ஜெற்றின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் விடியற்கால நோய்க்கு அது மருந்தாகாது. இஃது எமக்குத் தெரியாததன்று, விரைவிலே மறந்தது. மறந்ததன் விலையோ பெரிது. ஜெற்றைச் சிறிதாக்கினால் எரிபொருளோடு மசகெண்ணெயும் குறைகின்றது. எரிதலின் வெப்பமும் ஏறுகின்றது. நாலடிப்பு எஞ்சின் இதனை ஓரளவு பொறுக்கும். ஈரடிப்பு எஞ்சின் முழு வேகத்தில் பொறுப்பதில்லை.

அங்ஙனமாயின் காலையில் எஞ்சின் இயங்காமைக்குக் காரணம் என்ன? மண்ணெண்ணெய் எஞ்சினை இயக்குவார் முதலிற் பெற்றோலில் ஓட்டிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர் என்பது யாவரும் அறிந்ததே. இதன் காரணம், திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகின்றது என்பதாகும். பெற்றோல் பாகை சதமளவையில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரவல்லது. மண்ணெண்ணெயோ 38 பாகைக்கு மேற்பட்டாலன்றி அங்ஙனம் தராது. எமது கரையில் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 23 முதல் 26 பாகை வரையே. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் புகுந்தால் அது பிளக்கை நனைக்குமேயன்றி எரியாது. 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லத் தடையிருந்த காலத்தில், அங்குள்ளோர் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய வித்தையும் இதுவே. (பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் நெடுங்காலம் ஓட்டுதல் நன்றன்று. மண்ணெண்ணெய் எளிதில் அடித்தெரியும் இயல்பினது. ஆதலால் அதற்கென அமைந்த எஞ்சின்களில் நெருக்கல் விகிதத்தைக் குறைத்தே செய்கின்றனர்.)

தொடங்கும்பொழுது பெற்றோல் வேண்டும் என்பதை எவரும் மறப்பதில்லை. நிறுத்துமுன் பெற்றோல் வேண்டும் என்பதே மறக்கப்படுகின்றது. கரையை அணையுமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டினால், கிண்ணத்திலும் அடியறையிலும் எஞ்சியிருப்பது பெற்றோலாயிருக்கும். மறுநாட் காலை எஞ்சின் இலகுவில் இயங்கும். எமது மைத்துனர், 450 ரூபாப் பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக அச்சில நிமிடங்களை விட்டுவிட்டிருந்தார். மறுநாள் நெடுநேரம் சோக்கை இழுத்து வைத்துக் கயிறிழுத்ததனாற் பிளக்கு நனைந்து கறுத்தது. நாம் பார்த்த கருமை அதுவே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நாம் கேட்டிலோம். எண்ணெய் மிகுதியாகக் குடிக்கின்றது என்ற முறைப்பாடும், பின்னர் விசாரித்தபொழுது, நான்கு மடங்கான விலையைப் பற்றியதாகவே முடிந்தது.

பிளக்கின் நிறத்தை வாசிக்கவும் ஒரு முறையுண்டு. புதிய பிளக்கை இட்டு, சூடேறிய எஞ்சினைச் சுமையுடன் முழு வேகத்தில் ஓட்டி, உடனே நிறுத்திக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மண்ணிறம் நன்று, வெண்மையாயின் எரிபொருள் போதாது. மெதுவாக ஓடி ஒதுங்கிய எஞ்சினின் பிளக்கு, பெரிய ஜெற்றைப் பற்றி எதனையும் சொல்லமாட்டாது.

இதற்குப் பின்னர் நாம் பல எஞ்சின்களைப் பார்த்திருக்கின்றோம். ஜெற்றின் அளவு பிழையென்று கண்டது மிக அரிது. குழாயிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்தினால் அது இறுகவேண்டும். இறுகாவிடிற் குழாய் வளியை இழுக்கின்றது. சில நிமிடம் ஓடி நின்றுவிடும் எஞ்சினுக்குப் பெரும்பாலும் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறக்கப்படாமையே காரணம். சிரிப்புக்குரியதெனினும் அனுபவசாலிகளும் இதற்குத் தப்பியதில்லை. மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி அதிலுள்ளதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பார்த்தல் வேண்டும். நீர் இருப்பின் அடியிலே குமிழாய் நிற்கும். பெரிய ஜெற் கிண்ணத்தின் தாழ்ந்த இடத்திலேயே இருப்பதால், சில துளி நீரே அதன் வாயை அடைத்துவிடப் போதுமானது. எஞ்சின் தானே வேகமெடுத்துப் பின் தணிய மறுக்குமாயின், சுழல்தண்டின் இரு முனைகளிலுமுள்ள அடைப்புகளோ, காபரேற்றர் பொருந்தும் இடத்துத் தாளோ வளியை உள்ளே விடுகின்றது என ஐயுறலாம். காபரேற்றரின் வாயால் எரிபொருள் திரும்பித் துப்பப்பட்டால், அதன் பின்னாலுள்ள மெல்லிய நாக்குத் தகடு உடைந்திருக்கக்கூடும்.

அடைபட்ட ஜெற்றைச் செப்புக் கம்பியாற் குத்துதல் எங்கும் காணும் வழக்கம். ஒரு மில்லிமீற்றர்த் துளை 1.05 மில்லிமீற்றராகத் தேய்ந்தாற் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு பத்து வீதம் கூடிவிடும். இதற்குக் கடற்றொழிலாளரிடத்தில் நல்ல கருவி ஒன்று எப்பொழுதும் உண்டு. மெல்லிய தங்கூசித் துண்டு ஒன்றே போதும். அது பித்தளையைத் தேய்க்காது. மசகெண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நன்மை என்று அளவுக்கு மேல் ஊற்றுவாரும் உளர். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40. எஞ்சினுக்கு எது விதிக்கப்பட்டதோ அதுவே நன்று. எண்ணெய் கூடக்கூட அதே துளையாற் செல்லும் எரிபொருளின் பங்கு குறைவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜெற்றை மாற்றவேண்டிய இடங்களும் உள்ளன. வளியின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு நேர்மாறு விகிதசமம் என்று வகுப்பிற் படித்தோம். கனடாவில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் பழைய ஈரடிப்பு நாற்சில்லு வண்டியை ஓட்டுவாராயின், அங்குள்ள வளி எமது ஊரின் 27 பாகை வளியை விட ஏறத்தாழ 19 வீதம் அடர்த்தி கூடியது. பெரிய ஜெற் இன்றியமையாதது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. அங்கே சிறிய ஜெற் பொருந்தும். எமது கரையிலோ உயரம் கடல்மட்டம். விடியலின் 23 பாகைக்கும் நண்பகலின் 33 பாகைக்கும் இடையே அடர்த்தியின் வேறுபாடு மூன்று வீதத்தைச் சற்றே கடக்கும். இத்தகைய ஊரில், செய்தவர் இட்ட ஜெற்றை மாற்றக் காலநிலை ஒரு காரணமாகாது.

வாடைக் காலம் எஞ்சினுக்கு வேறொரு சோதனை. வள்ளங்கள் கரையேறி எஞ்சின் வாரக்கணக்கில் ஓய்ந்திருக்கும் அந்நாட்களில், கிண்ணத்திலுள்ள பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகிச் சிறிய ஜெற்றை அடைக்கின்றது. தையிலோ மாசியிலோ மீண்டும் கடலுக்கு இறங்கும் காலையிற் பலர் கயிறிழுத்துக் களைப்பது இதனாலேதான். எமது மைத்துனர் இப்பொழுது ஐப்பசி பிறந்ததும் குழாயைக் கழற்றி, கிண்ணம் வறளும்வரை எஞ்சினை நன்னீரில் ஓட்டி, பிளக்குத் துளையாற் சிறிது எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துவிட்டே சாக்கினால் மூடுகின்றார். செய்தவர் இட்ட அதே எண்ணுடைய ஜெற்றே அதில் மீண்டும் இருக்கின்றது.