வேலூரில் ரூம் போடுகிறீர்களா? பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் போதும்

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ‘ஏனுங்க, இங்க நல்ல ஹோட்டல் எங்க இருக்குதுங்க?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக் கடையைத்தான் கை காட்டுவார்கள். தங்க இடம் வேண்டும் என்றால் ‘லாட்ஜ்’ என்றோ ‘ரூம்’ என்றோ கேட்க வேண்டும். மொபைல் ஆப்பில் மட்டும் எல்லாமே ஹோட்டல். வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, பளபளப்பான போட்டோ. நேரில் போய்க் கதவைத் திறக்கும்போதுதான் லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் உள்ள தூரம் தெரியும்.

நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி, காவிரிக் கரையில் இருக்கும் ஊர் இது. சுற்றுலாத் தலம் என்று சொல்ல முடியாது. இங்கே ரூம் போடுகிறவர்கள் உறவினர் கல்யாணத்துக்கு வந்தவர்கள், பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் விட வந்த பெற்றோர், வாழைத்தார், வெற்றிலை வியாபாரத்துக்கு வருகிறவர்கள், மதுரைக்கோ பெங்களூருக்கோ போகிற வழியில் இரவு கண் அசந்துபோனவர்கள். யாருக்கும் நீச்சல் குளம் தேவையில்லை. எட்டு மணி நேரம் நிம்மதியான தூக்கம், காலையில் சுடுதண்ணீர், சண்டை இல்லாத பில். இந்த மூன்றும் கிடைக்குமா என்பதைத்தான் ஆப்பின் வசதிப் பட்டியல் சொல்வதில்லை.

எந்த வேலூர்?

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு இது வெறும் ‘வேலூர்’. சிஎம்சி மருத்துவமனை இருக்கும் வேலூர் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆப்பில் அவசரமாகத் தேடிப் புக் செய்தால் அந்த வேலூரில் அறை விழுந்துவிடும். பணம் திரும்ப வராத கட்டணத்தில் புக் செய்திருந்தால் போச்சு.

இன்னொன்று, பரமத்தியும் வேலூரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் தனித்தனி ஊர்கள். வெயில் செய்தியில் அடிக்கடி அடிபடும் ‘கரூர் பரமத்தி’ வேறு. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். (வெயில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.) அதனால் ஊர்ப் பெயரை நம்பாமல் மேப்பில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது நல்லது. கல்யாண மண்டபத்துக்கு அங்கிருந்து விடியற்காலை நாலரைக்கு ஆட்டோ கிடைக்குமா என்பதையும் சேர்த்து.

ஸ்டார் யார் கொடுத்தது?

ஆப்பில் ‘3 ஸ்டார்’ என்று இருந்தால் அது அரசு கொடுத்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் நட்சத்திரத் தகுதி வழங்குவது ஒன்றிய சுற்றுலா அமைச்சகம். அதற்கென ஒரு குழு நேரில் வந்து பார்த்து மதிப்பிடும். தகுதி 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். விண்ணப்பிப்பது ஹோட்டலின் விருப்பம், கட்டாயம் இல்லை. குறைந்தது 10 அறைகளாவது இருக்க வேண்டும். சின்ன ஊர் லாட்ஜ்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கமே போவதில்லை. அதனால் அவை மோசம் என்று ஆகாது. ஆனால் ஆப்பில் தெரியும் நட்சத்திரம் வேறு எங்கிருந்தோ வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் 4.2, 3.8 என்று வரும் ரேட்டிங். ராத்திரி 11 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்பிய சேல்ஸ் ரெப்புக்கு ‘சூப்பர் ஸ்டே’யாக இருந்த அறை, எழுபது வயது அம்மாவோடு போகிறவருக்குத் தண்டனையாக இருக்கலாம். ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியும் ஒரு நட்சத்திரக் கோபமும் அதிகம் உதவாது. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடிப் படியுங்கள். ‘ரூம் ஓகே, சுடுதண்ணி காலை 8 வரைதான், லிஃப்ட் இல்லை’ என்று உருப்படியாக எழுதுவது அவர்கள்தான். கடைசி ஆறு மாதத்துக்குள் எழுதியதா என்பதும் முக்கியம். மெத்தையும் மேனேஜரும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

அறையைப் பார்ப்பது எப்படி?

‘அண்ணா, ரூம ஒரு தடவ பாத்துக்கலாங்களா?’ என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். இந்தப் பக்கத்து லாட்ஜ்களில் இது காலங்காலமாக நடப்பதுதான். ‘அதுக்கென்னங்க, பாருங்க’ என்று சாவியோடு ரூம் பாய் முன்னால் நடப்பார். பார்க்க விட மாட்டோம் என்றால், அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

உள்ளே போனதும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாத்ரூம் ஹீட்டர் சுவிட்ச், அடுத்து ஏசி. இரண்டும் வேலை செய்கிறதா என்று தெரிய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மற்றதைப் பார்த்துவிடலாம்.

கதவைத் திறந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசம் தூக்கலாக அடித்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சிகரெட் வாடையையோ சுவர் ஓதத்தையோ மறைக்க அடித்திருக்கலாம். அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தால் உண்மை தெரியும். அங்கே யாரும் ஸ்ப்ரே அடிப்பதில்லை.

அடுத்து மெத்தை. விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் தலைமாட்டு இடுக்கையும் போன் டார்ச்சில் பாருங்கள். பேனா மையில் புள்ளி வைத்தாற்போலக் கறுப்பாகத் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். வேறு அறை கேளுங்கள்; பக்கத்து அறையாக இல்லாமல் வேறு மாடியில் என்றால் நல்லது. இது அழுக்கால் மட்டும் வருவது இல்லை. பயணிகளின் பையோடு ஊர் விட்டு ஊர் வரும். 2023-ல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் அலறியது நினைவிருக்கும். அதனால் மெத்தை சுத்தமாகத் தெரிந்தாலும் பையைக் கட்டிலில் வைக்காமல் மேஜையில் வைப்பது நல்ல பழக்கம்.

பாத்ரூமில் டைல்ஸ் எவ்வளவு பளபளப்பு என்பது கணக்கே இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் நேராக ஜல்லடைக்குப் போய்விடும். வாசல் பக்கம் வந்து நின்றால், இரவு முழுக்க ஈரக் காலோடுதான் நடமாட வேண்டும். வயதானவர்கள் வழுக்கி விழுவது இப்படித்தான். தண்ணீரைத் தொட்டு, சோப்பு நுரைக்கிறதா என்றும் பார்க்கலாம். பக்கத்திலேயே காவிரி ஓடினாலும் லாட்ஜ் குழாயில் வருவது போர் தண்ணீராக இருக்கக்கூடும். உப்புத் தண்ணீராக இருந்தால், கல்யாணத்துக்குத் தலைக்குக் குளிக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சோலார் ஹீட்டர் உள்ள இடத்தில் ‘24 மணி நேரமும் சுடுதண்ணி’ என்ற போர்டை அப்படியே நம்ப வேண்டாம். முகூர்த்த நாளில் எல்லா அறைக்காரர்களும் காலை நாலு மணிக்கே குழாயைத் திறப்பார்கள். முதல் நாள் வெயிலில் சூடான தொட்டி அவ்வளவுதான் தாங்கும். ‘காலைல நாலு மணிக்கு வருங்களா?’ என்று நேரத்தைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

ஏசிக்கு இப்போது திரும்பி வரலாம். காற்று குளிர்ந்திருக்கிறதா, சத்தம் எப்படி, தண்ணீர் சொட்டுகிறதா? ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு முழுக்க அந்தச் சூட்டை உள்ளே விடும், ஏசி திணறும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேனும் லைட்டும் மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பலர் மறந்துபோவது காது. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நெடுஞ்சாலைப் பக்கம் ஜன்னல் இருந்தால் லாரியின் ஏர் ஹாரன் விடிய விடியக் கேட்கும். ‘ரோட்டுப் பக்கமா, பின்பக்கமா?’ என்ற ஒரு கேள்வி, டீலக்ஸா சூப்பர் டீலக்ஸா என்பதைவிட அதிகம் உதவும். பின்பக்கம் வாய்க்காலோ வாழைத் தோப்போ இருந்தால் ஜன்னலில் கொசு வலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று தப்பினால் இன்னொன்று!

‘பார்க்கிங், உங்கள் சொந்தப் பொறுப்பில்’

இந்தப் போர்டு இல்லாத லாட்ஜே கிடையாது. அதற்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு?

1998 ஆகஸ்ட்டில் டெல்லியின் தாஜ் மஹால் ஹோட்டலுக்கு மாருதி ஜென் காரில் வந்த ஒருவர், வாலே பார்க்கிங் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிச் சென்றிருந்தார்கள். டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருக்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது ஹோட்டலின் வாதம். வழக்கு இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட ஹோட்டல், தன் அலட்சியத்தால் வரும் இழப்பிலிருந்து ஒரு டோக்கன் வாசகத்தை வைத்துத் தப்ப முடியாது. கவனமாகத்தான் இருந்தோம் என்று காட்ட வேண்டியதும் ஹோட்டல்தான் என்றது.

இதில் கவனிக்க வேண்டியது சாவி. நீங்களே நிறுத்திவிட்டுச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. சின்ன லாட்ஜ்களில் இடம் நெருக்கடி. ‘சாவிய குடுத்துட்டுப் போங்க தம்பி, நகர்த்த வேண்டி வரும்’ என்று வாட்ச்மேன் கேட்பார். கொடுக்கலாம். ஆனால் ஒரு டோக்கனோ, ரெஜிஸ்டரில் வண்டி எண்ணோ இல்லாமல் கொடுக்கக் கூடாது.

பில்லில் என்ன வரும்?

ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. அதற்கு முன் 12% இருந்தது. 1,500 ரூபாய் அறைக்கு முன்பு 180 ரூபாய் வரி, இப்போது 75 ரூபாய். பழைய கணக்கிலேயே யாராவது போட்டால் சுட்டிக்காட்டலாம். ஜிஎஸ்டி எண் அச்சிடாத துண்டுச் சீட்டில் வரி மட்டும் எழுதிக் கொடுத்தால் அதையும் கேட்கலாம். அலுவலகத்தில் செலவுக் கணக்கு காட்டுகிறவர்களுக்கு அந்தச் சீட்டு உதவாது.

சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்க்கக் கூடாது என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதல். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆனால் அறைக்குக் கொண்டுவந்து தரும் வாட்டர் பாட்டிலுக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கினால் சண்டை போட வழியில்லை; 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஹோட்டல்களுக்கு அதை அனுமதித்துவிட்டது.

இன்னும் பெரிய தகராறு செக்-அவுட் நேரத்தில்தான் வரும். பழைய லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு: இரவு 10-க்கு வந்தால் மறுநாள் இரவு 10 வரை. ஆப் வழியாக வரும் அறைகளில் காலை 11 அல்லது பகல் 12-க்குக் காலி செய்ய வேண்டும். ஒரே லாட்ஜில் இரண்டு கணக்கும் ஓடும். காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு, பிறகு சற்றுப் படுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஆப் விலை மலிவாகத் தெரிந்தாலும் நேரில் எடுப்பது லாபமாக இருக்கலாம்.

கவுன்டரில் ஆதார் கேட்பார்கள். 12 இலக்கமும் தெரியும் நகலைத் தர வேண்டியதில்லை. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமமும் அடையாள அட்டைதான். திருமணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கோவையில் ஒரு தங்குமிடத்துக்குச் சீல் வைத்த வழக்கு. சின்ன ஊர்க் கவுன்டரில் நடைமுறை வேறாக இருக்கலாம் என்பதால், முன்கூட்டியே போன் செய்து கேட்பது இரவு நேர அலைச்சலைக் குறைக்கும்.

படிக்கட்டு எங்கே?

சாவி வாங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு ஹோட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள். விடிகாலை, எல்லோரும் தூக்கத்தில். 2025 ஏப்ரலில் கொல்கத்தா படாபஜாரில் ஒரு ஹோட்டலில் 14 பேர். பலரைக் கொன்றது புகை. அறையிலிருந்து இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, கல்யாண சீசனில் அங்கே கட்டிலும் சேரும் அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜன்னலில் இரும்பு கிரில் இருந்தால் அந்தப் பக்கம் வழியே இல்லை என்று பொருள். ஒரே படிக்கட்டுதான் என்றால் முதல் மாடியில் அறை கேளுங்கள்.

டிரைவருக்குப் படுக்கை உண்டா?

வாடகைக் காரில் வருகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. அறையில் ஏசி போட்டு இவர்கள் தூங்க, ஓட்டி வந்தவர் பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துக் கொசுக்கடியில் கிடப்பார். அடுத்த நாள் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டப் போவதும் அவர்தான். 2023-ல் தமிழ்நாடு கட்டட விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, ஹோட்டல்களும் லாட்ஜ்களும் விருந்தினரின் ஓட்டுநருக்குப் படுக்கை, குளியலறை, கழிப்பறை உள்ள ஓய்வறையை வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ ஏற்படுத்த வேண்டும். பழைய லாட்ஜ்களில் இப்படி ஓர் இடம் இருப்பது அபூர்வம். புதிதாகக் கட்டியிருந்தால் கவுன்டரில் கேளுங்கள். இல்லை என்றால், கூட ஓர் அறைக்கு என்ன விலை என்று கேளுங்கள். பில்லிலும் பார்க்கிங்கிலும் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.