வேலை முடிந்த ஆண்களுக்கு ஒரு பட்டறை

ஆஸ்திரேலியாவின் பல ஊர்களில் 'மென்ஸ் ஷெட்' என்று பலகை மாட்டிய கொட்டகைகளைப் பார்க்கலாம். உள்ளே மரம் அறுக்கும் மெஷின், இழைப்புளி, டிரில், பிரித்துப் போட்ட சைக்கிள்கள், ஒரு மூலையில் டீ போடக் கெட்டில். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஆண்கள் ஆளுக்கொரு வேலையில் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தச்சுப் பட்டறைதான். ஆனால் அந்த நாட்டு அரசு 2010-இல் வெளியிட்ட ஆண்கள் நலக் கொள்கையில் இந்தக் கொட்டகைகளுக்கு இடமும் நிதியும் கொடுத்தது. மரப்பட்டறைக்கும் சுகாதாரத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்பது நம் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பெரும்பாலான ஆண்களின் நட்பு அவர்களுடைய வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், ஒரே லாரியில் கூட வந்தவர், இருபது வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர். இவர்கள் 'வா, மனசு விட்டுப் பேசலாம்' என்று ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை. வேலை கூப்பிட்டது, பேச்சு கூடவே வந்தது. வேலை நின்ற அன்று பேச்சும் நின்றுபோகிறது. வீட்டில் மனைவிக்கு அக்கம்பக்கம், உறவுமுறை, விசேஷம், துக்கம் என்று ஒரு வட்டம் இருக்கிறது. கணவருக்கு அந்த வட்டமே மனைவி வழியாகத்தான் வந்து சேர்கிறது. மனைவி முதலில் மவுத்தாகிவிட்டால் அந்த மனிதரின் கதவைத் தட்ட ஆள் இல்லை.

இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 148 ஆய்வுகளில் இடம்பெற்ற 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2010-இல் வெளிவந்தது. உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள், அவை மெலிந்து போனவர்களைவிட, ஆய்வுக் காலம் முடியும்போது உயிருடன் இருக்கும் வாய்ப்பு 50% அதிகம் என்று அது கண்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது. நம் நாட்டில் 2022-இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, அடுத்த இடம் நோய்க்கு. இரண்டுமே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள்.

சரி, பேசவைக்க என்ன செய்வது? 'ஆண்கள் நல ஆலோசனைக் கூட்டம்' என்று நோட்டீஸ் அடித்து வட்டமாக நாற்காலி போட்டால் யார் வருவார்கள் என்று நமக்கே தெரியும். ஏற்பாடு செய்தவர்கள் வருவார்கள், அவர்களுடைய மச்சான்மார் இரண்டு பேர் வருவார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதே கதைதான். ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஒரு ஷெட் வைத்து, அதில் எதையாவது செதுக்கிக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருப்பது அந்நாட்டு ஆண்களின் வழக்கம். வயதாகிச் சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது அந்த ஷெட்டும் கைவிட்டுப் போய்விடுகிறது. அப்படியானால் ஊருக்குப் பொதுவாக ஒரு ஷெட் இருந்தால் என்ன?

1993-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வா என்ற சிற்றூரில், முதியோருக்கான ஒரு கிளப்பின் பகுதியாக இப்படி ஒன்று தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் மேக்சீன் கிட்டோ என்ற பெண்மணி. ஆண்களுக்கு எது தேவை என்பதை முதலில் கண்டுகொண்டவர் ஒரு பெண் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1998 ஜூலையில் விக்டோரியா மாநிலத்தின் டொங்காலா ஊரில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரையே தாங்கி ஒன்று திறந்தது. அதே ஆண்டில் சிட்னியின் லேன் கோவ் பகுதியிலும் ஒன்று வந்தது. 2007-இல் நாடு தழுவிய சங்கம் உருவானது. இன்று அந்நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான ஷெட்டுகள் உள்ளன. அயர்லாந்தில் 2011-இலும் பிரிட்டனில் 2013-இலும் இதற்கான சங்கங்கள் ஏற்பட்டன.

இவற்றின் அடிப்படைக் கருத்து எளிமையானது. ஆண்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசமாட்டார்கள். தோளோடு தோள் நின்று வேலை பார்க்கும்போது பேசுவார்கள். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பதில் உடனே வர வேண்டியதில்லை. கை ஒரு நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது 'போன வாரம் டாக்டர் என்னவோ கட்டி இருக்கிறது என்றார்' என்று சொல்வது சுலபம். கேட்பவருக்கும் சுலபம். 'எனக்கும் இருந்தது, ஆபரேஷன் செய்துகொண்டேன்' என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கலாம். இருவருக்கும் இடையே அந்த நாற்காலி இல்லாவிட்டால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

அங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வேலை தெரிந்தவர் செய்கிறார். தெரியாதவர் கற்றுக்கொள்கிறார். சும்மா டீ குடித்துவிட்டுப் போகிறவரும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, குழந்தைகளுக்கு மர பொம்மை, பழைய சைக்கிளைச் சரிசெய்து இல்லாதவருக்குக் கொடுப்பது, அக்கம்பக்கத்து மூதாட்டியின் உடைந்த ஸ்டூல் என்று வேலைகள் வந்துகொண்டே இருக்கும். செலவுக்கு உறுப்பினர்கள் தரும் சிறு சந்தா, செய்த பொருட்களை விற்ற காசு, சில இடங்களில் உள்ளாட்சி தரும் இடம் அல்லது மானியம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. அந்த ஷெட்டுக்குள் யாரும் 'பயனாளி' அல்ல. நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு வகை மனிதர்களைத்தான் தெரியும். சொந்தமாக உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றிய ஒருவர் வாங்குபவர் வரிசையில் வந்து நிற்கமாட்டார், பசித்தாலும் நிற்கமாட்டார். ஆனால் 'நாலு வீல்சேர் பழுதாகிக் கிடக்கிறது, உங்களுக்குத்தான் வெல்டிங் தெரியும், வந்து பாருங்கள்' என்றால் வருவார். அவருக்குத் தேவைப்பட்டது உதவி அல்ல. தன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்பதுதான்.

உடல்நலம் இதற்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. ஆஸ்திரேலியச் சங்கம் 'ஸ்பானர் இன் தி வொர்க்ஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்துகிறது. காருக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் விடுகிறோமே, உடம்புக்கு எப்போது விட்டோம் என்பதே அதன் கேள்வி. அயர்லாந்தில் 'ஷெட்ஸ் ஃபார் லைஃப்' என்பது 10 வாரத் திட்டம். முதலில் உடல் பரிசோதனை, பிறகு உடற்பயிற்சி, சாப்பாடு, மனநலம் என்று எல்லாம் ஷெட்டுக்கே வந்து நடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் ஆள், தான் தினமும் நிற்கும் மேஜைக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் வந்தால் சட்டைக் கையை மடித்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் காட்டினால் இவரும் காட்டுவார். வீராப்பு இங்கே நல்லதுக்குப் பயன்படுகிறது.

இதன் வரம்புகளையும் சொல்ல வேண்டும். இந்த ஷெட்டுகளால் தனிமை குறைகிறது, மனம் தெம்பாகிறது என்பதற்கு அங்கே போகிறவர்களின் வாக்குமூலங்கள் ஏராளம். ஆனால் சர்க்கரை குறைந்தது, மாரடைப்பு குறைந்தது என்று எண்ணிக்கையோடு நிரூபிக்கும் ஆய்வுகள் குறைவு. கருவி பிடித்துப் பழக்கமில்லாத ஆண்கள் ஓரமாக நின்று திரும்பிவிடும் ஆபத்தும் உண்டு. ஆர்டர் எடுத்து, தேதி சொல்லி, உற்பத்தி நடத்த ஆரம்பித்தால் அது இன்னொரு கம்பெனி ஆகிவிடும். மெதுவாக வேலை செய்யும் கிழவருக்கு அங்கே இடம் இருக்காது. கடுமையான மனச்சோர்வுக்குப் பட்டறை மருந்தும் அல்ல. அதற்கு டாக்டர் வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

நமக்கு இது ஏன்? நம் தெருக்களில் இதற்கு ஏற்ற ஆட்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் வளைகுடாவில் சபர் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் வந்தவர்களைச் சொல்கிறேன். அவர்களுடைய தோழர்கள் ஊரில் இல்லை. இரண்டடுக்குக் கட்டில் போட்ட பேச்சிலர் ரூமில், முறை வைத்துச் சமைத்த மெஸ்ஸில் கூட இருந்தவர்கள்தான் தோழர்கள். அவர்கள் இப்போது கேரளாவிலோ, பாகிஸ்தானிலோ, இன்னும் துபாயிலோ இருப்பார்கள். வீட்டிலோ, இவர் இல்லாமலே நடந்து பழகிய குடும்பம். எந்தக் கடையில் அரிசி, யாருக்கு எவ்வளவு பால் பாக்கி என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும். இவர் அடுப்படியில் ஒரு யோசனை சொன்னால்கூட 'வாப்பாவுக்கு என்ன தெரியும்' என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கேலிதான், ஆனால் உள்ளே தைக்கும். எலெக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், டைல்ஸ் வேலை, டிரைவர், கிரேன் ஆபரேட்டர் என்று எத்தனை தொழில் தெரிந்த கைகள் திண்ணையில் செல்போனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன!

'இதற்குத்தான் பள்ளிவாசல் இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். ஐந்து வேளை ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்பது பெரிய பாக்கியம்தான். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் கவனிக்கவும் செய்கிறோம். ஆனால் இஷா முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் 'நல்லாயிருக்கீங்களா காக்கா' என்பதற்கு மேல் பேச்சு போவதில்லை. கேட்பவருக்கும் அவசரம், சொல்பவரும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று முடித்துவிடுவார். சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம், கையில் ஒரு வேலையோடு, அவசரம் இல்லாமல் இருக்கும் இடம் தனியாக வேண்டும். அந்த இடத்தைப் பள்ளிவாசல் வளாகத்தில் பயன்படாமல் கிடக்கும் ஓர் அறையிலேயே அமைக்க முடிந்தால் நல்லது.

தொடங்க லட்சங்கள் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் ஒரு கடை அல்லது ஷெட், ஒரு நல்ல மேஜை, வெளிச்சம், மின்விசிறி. ஸ்பானர் செட்டும் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன, கேட்டால் கிடைக்கும். வேலைக்குப் பஞ்சமே வராது. உதவியாகக் கொடுத்த தையல் மெஷின்களில் ஓடாமல் நிற்பவை எத்தனை என்று விசாரித்துப் பாருங்கள். மதரஸா பெஞ்சு, நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் கட்டில், வாக்கர், வீல்சேர், பள்ளிவாசல் சந்தூக்கின் ஆடும் கைப்பிடி, எல்லாம் பட்டறைக்கு வரலாம். கருவி பிடிக்காதவர்களுக்கு ஒரு மூலையில் விதைப்பந்து, தோட்டச் சட்டி, பழைய புத்தகத்துக்கு அட்டை போடுவது என்று வைத்தால் அவர்களும் ஒதுங்கமாட்டார்கள். கணக்கு எழுதவும் டீ போடவும்கூட ஆள் வேண்டும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பு தேவை. ஒன்று பாதுகாப்பு. அறுக்கும் மெஷினைப் பழக்கம் இல்லாதவர் தொடக்கூடாது, கண்ணாடி போடாமல் கிரைண்டிங் செய்யக்கூடாது, முதலுதவிப் பெட்டி எப்போதும் இருக்க வேண்டும், கைலியைத் தழையவிட்டுக்கொண்டு மோட்டார் பக்கம் போகக்கூடாது. இரண்டாவது நேரம். வாரத்தில் இரண்டே நாள் என்றாலும் சொன்ன நாளில், சொன்ன மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். சாவி ஒரே ஆளிடம் இருந்து, அவர் கல்யாணத்துக்குப் போய்விட்டால், வந்து திரும்பியவர் மறுபடி வரமாட்டார். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். பேச்சாளரை அழைத்துச் சொற்பொழிவு வைக்க வேண்டும் என்ற ஆசையும் எழும், அதை வேறு மேடைக்குத் தள்ளிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ தெரிந்த நர்ஸ் ஒருவரோ வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

இதைப் படிக்கும் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஓர் இடம் நம் பகுதியில் அமைந்தால், 'வீட்டிலேயே கிடக்குறீங்களே, அங்கே போனா மனசு சரியாகும்' என்று சொல்லி அவரை அனுப்பாதீர்கள். சொன்னால் போகமாட்டார். ஓடாமல் கிடக்கும் மிக்ஸியைத் துடைத்துப் பையில் போட்டுக் கையில் கொடுத்து, 'இது என்னன்னு பார்த்துட்டு வாங்க' என்று மட்டும் சொல்லுங்கள்.