கட்டுப்பல்லுக்கு வாய் பழகும் காலம்

எமது கிராமங்களில் பல் பிடுங்க ஆட்கள் அதிகம் பயப்படுவதில்லை. வலி தாங்க முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். பத்துப் பதினைந்து வருடங்களில் வாய் வெறுமையாகிவிடும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பல்லைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? பின்னர் பிள்ளைகள் காசு சேர்த்துக் கட்டுப்பல் செய்து கொடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாம் வீடுகளுக்குப் போகும்போது பார்க்கிறோம்: பல் றங்குப்பெட்டிக்குள் துணியில் சுற்றியபடி கிடக்கும். ஐயா கஞ்சியோடும் தேநீரில் தோய்த்த பாணோடும் காலத்தை ஓட்டுவார். கேட்டால், "அது எனக்குச் சரிவரேல்லை" என்பார். எத்தனை நாள் போட்டுப் பார்த்தீர்கள் என்றால், நாலைந்து நாள் என்பார்.

நாலைந்து நாளில் யாருக்கும் சரிவராது. நுகத்தடிக்குப் பழகாத நாம்பனை முதல் நாளே வயலில் இறக்கி முழு உழவும் உழ முடியுமா? வாய்க்கும் அப்படித்தான். முழுக் கட்டுப்பல்லுக்கு நாக்கும் கன்னமும் முரசும் பழகச் சில வாரங்கள் செல்லும். வயது போனவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களும் ஆகலாம். இதைப் பல் செய்யக் கொடுக்கும்போதே வீட்டார் எல்லோரும் அறிந்திருந்தால் பாதிக் கரைச்சல் குறையும்.

முதலில் முரசுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேலியில் கதியால்களைப் பிடுங்கினால் அந்த இடத்துக் குழிகள் மெல்ல மெல்லத் தூர்ந்து, கரையும் தாழ்ந்துபோகிறது அல்லவா? பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பும் பல் போனபின் அவ்வாறே தாழ்கிறது. முதல் ஆறு மாதங்களில் இது வேகமாக நடக்கும். பின்பு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். இதனால்தான் பல் பிடுங்கிய உடனே அளவு எடுக்காமல், புண் ஆறி முரசு ஓரளவு நிலைப்படும் வரை சில வாரங்களோ மாதங்களோ பொறுக்கும்படி பல் வைத்தியர் சொல்கிறார். பிடுங்கிய அன்றே போடும் பல்லும் உண்டு. முகம் ஒடுங்கித் தெரியாது என்பது அதன் நன்மை. ஆனால் முரசு தாழத் தாழ அது விரைவில் தளர்ந்துவிடும், திரும்பவும் உள்பக்கம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியில்லாத, தூரத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பொறுத்திருந்து செய்வதே நல்லது என்பது எமது எண்ணம்.

மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மேற்பல்லின் தட்டு அண்ணம் முழுவதையும் மூடுகிறது. இடையில் மெல்லிய உமிழ்நீர்ப் படை நிற்க, நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டுவதுபோல அது ஒட்டிக்கொள்கிறது. கீழே அப்படி இல்லை. லாடம்போன்ற ஒடுங்கிய தட்டு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. ஆகவே கீழ்ப்பல் ஆடுவது பெரும்பாலும் செய்தவரின் பிழையல்ல. நாக்கு அதை அமர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் நாட்களில் வாய் நிறைய உமிழ்நீர் ஊறும். புதிய பொருளைச் சாப்பாடு என்று வாய் நினைப்பதால் வருவது இது. துப்பிக்கொண்டிராமல் விழுங்குங்கள், ஒரு வாரத்துக்குள் குறையும். குமட்டல் வந்தால் மூக்கால் ஆறுதலாக மூச்சு விடுங்கள். கதைக்கும்போது 'ச', 'த' ஆகிய ஒலிகள் குழறும், சிலவேளை பல் 'டக் டக்' என்று அடிக்கும். பத்திரிகையை அல்லது பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தினமும் கால் மணித்தியாலம் சத்தமாக வாசித்தால் நாக்குத் திருந்தும். வாசிக்கத் தெரியாதவர் செபத்தையோ தேவாரத்தையோ வாய்விட்டுச் சொல்லலாம். பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அம்மா பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் கலியாண வீட்டுக்கும் போகமாட்டா.

சாப்பாடுதான் பெரிய பாடம். கட்டுப்பல்லின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் காற்பங்கோ அதற்கும் குறைவோதான். குழைந்த சோறு, இடியப்பம், சொதி, அவித்த மீன், நன்றாக அவித்த பருப்பு, மசித்த பூசணி என்று தொடங்குங்கள். புட்டைச் சொதிவிட்டுக் குழைத்துச் சாப்பிடலாம். சிறிய வாயாக எடுத்து, இரண்டு பக்கக் கொடுப்பிலும் சமமாக வைத்து மென்றால் பல் பிரளாது. முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் கிளம்பிவிடும். மாம்பழத்தையும் பாண் கரையையும் வெட்டியே சாப்பிட வேண்டும். சூடும் அண்ணத்துக்கு முன்போலத் தெரியாது, ஆகவே தேநீரை உதட்டில் பட்டுப் பார்த்துக் குடியுங்கள். கச்சான், பனங்கிழங்கு, எலும்போடு இறைச்சி எல்லாம் பிந்தி. சிலருக்கு அவை திரும்பி வருவதே இல்லை. கஞ்சியோடு மாத்திரம் நின்றுவிட்டால் உடம்பு மெலிந்து, சோர்வும் நோயும் வரும். வெறும் முரசாலும் சாப்பிடக்கூடிய முட்டை, பருப்பு, மீன், கீரை ஆகியவற்றைச் சமைப்பவர் மறக்கக் கூடாது.

புண் வரும். புதிய செருப்புக் கடிப்பதுபோல ஓரிரு இடங்களில் தட்டு முரசை அழுத்தும். கோடரிப் பிடி சீவிப் பழகிய கை உடனே அரத்தைத் தேடும்! தயவுசெய்து வேண்டாம். பிழையான இடத்தில் ஒரு நூலளவு தேய்ந்தாலும் தட்டின் பிடி போய்விடும். நோவு கடுமையானால் கழற்றி வைத்து, உப்புப் போட்ட இளஞ்சூட்டு நீரால் கொப்பளியுங்கள். ஆனால் வைத்தியரிடம் போவதற்கு முதல் நாள் பல்லைப் போட்டுக்கொண்டு போங்கள். முரசில் சிவந்த அடையாளம் இருந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று அவருக்குத் தெரியும். உடைந்த பல்லைக் கடைப் பசையால் ஒட்டுவதும் கூடாது.

இரவில் கழற்றி வையுங்கள். முரசுக்கும் ஓய்வு வேண்டும். இரவும் பகலும் போட்டிருப்பவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சணத் தொற்று வருவதைக் காண்கிறோம். கழற்றிய பல்லை மூடியுள்ள பேணியில், பச்சைத் தண்ணீரில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் தட்டு வளைந்துவிடும். தட்டு அக்ரிலிக் என்னும் ஒருவகைப் பிளாஸ்ரிக். 1930களின் பிற்பகுதியில்தான் இது பாவனைக்கு வந்தது. அதற்கு முன் கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பரால் செய்தார்கள். அக்ரிலிக்கில் இலகுவாகக் கீறல் விழும், கீறலில் அழுக்குத் தங்கும். ஆகவே சாம்பல், உமிக்கரி, செங்கட்டித்தூள் எதுவும் வேண்டாம். மென்மையான தூரிகையும் சவர்க்காரமும் போதும். கிணற்றடிச் சீமெந்தில் நின்று கழுவும்போது வழுக்கி விழுந்து உடைந்த பற்கள் பல. கீழே தண்ணீர் நிரப்பிய பேசினை வைத்துக் கழுவுங்கள். முரசையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

வெற்றிலை போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல்லில்லாதவர்கள் உரலில் இடித்துப் போடுகிறார்கள். பல் வந்ததும் திரும்ப மெல்லத் தொடங்குகிறார்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயே முதலிடத்தில் நிற்கிறது. புகையிலை மாத்திரமல்ல, பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 இல் வெளியிட்டது. கட்டுப்பல் அழுத்திய புண்தானே என்று எண்ணி, மாறாத புண்ணை விட்டுவிடாதீர்கள். பல்லைக் கழற்றி வைத்தும் மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, நோவில்லாத தடிப்பு எதுவாயினும் உடனே காட்டுங்கள். நோவு இல்லை என்பதே அந்த நோயின் சூழ்ச்சி.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொன்று. இரவில் ஓடிய அவசரத்தில் பேணியோடு பல்லை விட்டுவிட்டு வந்தவர்களை நாம் அறிவோம். பல் செய்யும்போதே உள்பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளைப் பதிக்கும்படி கேளுங்கள். பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் மாறிப்போகாது. அடையாள அட்டை வைக்கும் பையிலேயே ஒரு சிறிய மூடிப் பெட்டியும் இருக்கட்டும்.

நன்றாகச் செய்த பல்லும் ஐந்து முதல் ஏழு வருடங்களில் தளர்ந்து தேயும். அப்போது உள்பக்கம் நிரப்பவோ புதிதாகச் செய்யவோ வேண்டும். பழையதை எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் அதைப் பார்த்தே புதியதைத் திருத்தமாகச் செய்வார். அது கைக்கு வரும்வரை பழையதோடு சாப்பிடலாம்.