இசப்கோல் உமியும் மலச்சிக்கலும்

தலைவலியையும் காய்ச்சலையும் பக்கத்து வீட்டாரிடம் தயக்கமின்றிக் கூறும் நாம், மலச்சிக்கலை மட்டும் மறைத்துக்கொள்கிறோம். வாரத்தில் 3 முறைக்கும் குறைவாக மலங்கழிதலும், முக்கி வருந்துதலும் இவ்வுபாதையின் அடையாளங்கள். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் இதற்கென ஊரிலிருந்து நிலாவாரைச் சூரணம் தருவித்து உண்கின்றனர். திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்ட அம்மூலிகை, பெருங்குடலைத் தூண்டி இயங்கச் செய்வது. அவசரத்துக்கு உதவும், ஆயினும் வயிற்றை முறுக்கி வலிக்கச் செய்வதும் உண்டு.

வடநாட்டு இல்லங்களில் வழங்கும் இசப்கோல் வேறு வழியில் பயன் தருவது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலப் பயிராக விளையும் சிறு செடியொன்றின் விதை அது. மெகசானா மாவட்டத்து உஞ்சா நகரம் அதன் பெருஞ்சந்தை. விதை குதிரைக் காதின் வடிவினதாதலால் பாரசீக மொழியில் இப்பெயர் பெற்றது. விதையின் எடையில் ஏறக்குறைய 4-இல் 1 பங்கான வெளிர்நிற உமியே மருந்தாகும். கடையில் 'இசப்கோல் பூசி' என்று கேட்டால் இதனையே தருவர்.

இவ்வுமி செரிப்பதில்லை. நீரை ஈர்த்துப் பருத்துக் கூழாகி, அந்நீரைப் பெருங்குடலின் இறுதிவரை தாங்கிச் செல்கிறது. அதனால் மலம் இளகித் திரள்கிறது; குடல் அதனை எளிதில் தள்ளுகிறது. வயிற்றுப்போக்குக்கும் இதனையே தயிரில் கலந்து உண்பது கண்டு நாம் வியப்பதுண்டு. மிகுந்த நீரை ஈர்த்துக்கொள்ளும் அதே குணமே அங்கும் காரணம்.

முதலில் 1 தேக்கரண்டி போதும். 250 மில்லிலிட்டர் நீரில் கலந்து, கெட்டியாகுமுன் பருகுதல் வேண்டும். போதிய நீரின்றி விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ பருத்து அடைத்துக்கொள்ளக்கூடும். அளவைப் படிப்படியாக உயர்த்தினால் வயிற்றுப் பொருமல் குறையும். பலன் 12 மணி நேரம் முதல் 3 நாட்களுக்குள் தோன்றலாம். எனினும் 4 வாரம் உண்டபின்னரே முழுப் பயனை மதிப்பிடுதல் தகும். பிற மருந்துகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுதல் நன்று. விழுங்குதற்கு இடருடையோரும் குடலடைப்புற்றோரும் இதனை உண்ணலாகாது.

உமி வாங்குமுன் நமது சமையலறையையும் நோக்குவோம். சலித்த கோதுமை மாவின் தவிட்டை எறிந்துவிட்டு, நார்ப்பொருளைக் கடையில் விலைக்குத் தேடுவது பொருந்தாது. சலியாத மாவும் கீரையும் பயறும் பழமும் நாள்தோறும் இலையில் இடம் பெறட்டும்.

மலத்தில் குருதி காணினும், காரணமின்றி உடல் மெலியினும், நெடுநாள் வழக்கம் திடீரென மாறினும் உமியை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். அவரிடம் கூச்சமின்றி உள்ளதைக் கூறுவதே மருத்துவத்தின் முதற்படி.